வெய் ஏன் மறுபடி மறுபடி வருகிறார்

அடிபட்ட காரைப் பார்த்து, அடி எப்படிப் பட்டிருக்கும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. இன்சூரன்ஸ் கம்பெனி உத்தியோகம். "லாரிக்காரன் வந்து இடிச்சிட்டான் சார்" என்று கண்ணைக் கசக்குவார்கள். பம்பரைப் பார்த்தால் சொந்த வீட்டுத் தூணின் பெயின்ட் அதில் ஒட்டியிருக்கும். இத்தனை வருஷத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன். ஆளின் முகத்தைப் பார்க்கக் கூடாது, கையைப் பார்க்க வேண்டும். முகத்துக்குப் பொய் சொல்லப் பழக்கம் உண்டு.

வெய் என்கிற அந்தக் கடைக்காரரை முதல் நாளே எனக்குப் பிடிக்காமல் போனது இதனால்தான். அவர் கை அவ்வளவு சுத்தமாக இருந்தது. நாள் முழுக்க கம்ப்யூட்டரைப் பிரித்துப் பூட்டுகிறவன் நகம் அப்படியா இருக்கும்?

நானும் அக்காவும் தைபேய்க்கு ஆற்றின் மறுகரையில், சான்சோங்கில் இருக்கிறோம். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், நாலாவது மாடி, அப்பா அம்மா விட்டுப்போன வீடு. குடும்பப் பெயர் லியாவ். அக்கா பெயர் சூ-யுன். ஐம்பத்திரண்டு வயது. சமையலறை அலமாரி செய்கிற ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே படம் போட்டுக் கொடுக்கிறாள். வாடிக்கையாளர் வீட்டுச் சமையலறை கட்டி முடித்தபின் எப்படி இருக்கும் என்று, வெளிச்சம் நிழல் எல்லாம் வைத்து, கம்ப்யூட்டரிலேயே காட்ட வேண்டும். கல்யாணமாகி, அது முறிந்து, திரும்ப இந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தவன் நான். சமையல் அவள், பாத்திரம் நான்.

அக்காவுக்கும் இரண்டு தடவை கல்யாணம் ஆகியிருக்க வேண்டியது. முதல் ஆள் தேயிலை வியாபாரி. அவன் ஸ்கூட்டரில் இடது பக்கம் மட்டும் இருந்த கீறல்களைப் பார்த்தே, தினமும் குடித்துவிட்டு நிறுத்தத் தெரியாமல் சாய்க்கிறவன் என்று கண்டுபிடித்தேன். இரண்டாவது ஆள் பள்ளிக்கூடத்தில் எழுத்தர். தெற்கே ஒரு பெண்டாட்டி இருப்பதைச் சொல்லாமல் மறைத்தவன். அதையும் தோண்டி எடுத்தது நான்தான். இரண்டு தடவையும் அக்கா எனக்கு நன்றி சொன்னாள். எந்த முகத்தோடு சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான்தான் முகத்தைப் பார்க்காதவன் ஆயிற்றே.

அலமாரி கம்பெனிக்காரர்கள் படம் போடும் மென்பொருளைப் புதிதாக மாற்றினார்கள். அக்காவின் கம்ப்யூட்டர் அதைத் தாங்கவில்லை. கம்பெனியிலேயே பூட்டி வந்த ரெடிமேட் பெட்டி அது. ஒரு படத்துக்கு அரை நாள் திணறியது. கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினால் போதும் என்று யாரோ சொல்ல, இருவரும் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் குவாங்ஹுவா மார்க்கெட்டுக்குப் போனோம். மூன்றாவது மாடியில், கேபிள் விற்கும் அம்மாள் ஒருத்திக்குப் பக்கத்துக் கடை வெய்யுடையது. அவருக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். அக்கா காட்டிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பெட்டி குறுகல்ங்க. நீளமான கார்டு உள்ள போகாது. குட்டையா ஒண்ணு இருக்கு, அது உக்காந்துக்கும். ஆனா பவர் சப்ளையும் மாத்தணும்."

இதோ ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். பம்பரை மாற்ற வந்தவனிடம் இன்ஜினையும் மாற்றச் சொல்லும் மெக்கானிக்குகளை நான் பார்க்காததா?

"அது எதுக்கு, மொதலாளி? நாங்க கார்டு மட்டும்தான் கேட்டோம்."

"ரெடிமேட் பெட்டில எல்லாத்தையும் அளவாத்தான் வெச்சிருப்பான் சார். விருந்தாளி வர்றார்னா ஒரு கைப்பிடி அரிசி கூடப் போடணும் இல்லையா."

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. டிஜிட்டல் நாணயம் தோண்டுகிறேன் என்று இரவும் பகலும் வேலை வாங்கித் தேய்ந்த கார்டுகளைக் கழுவித் துடைத்துப் புதுசு என்று விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அட்டைப்பெட்டியின் சீலை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கார்டை முகர்ந்து பார்த்தேன். பின்னால் இருந்த நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

"வேணும்னா கடிச்சும் பாத்துக்கங்க, லியாவ் சார்," என்றார் வெய். குரலில் கோபம் இல்லை. கோபமே வராத கடைக்காரனை எப்படி நம்புவது?

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு முதல் மணியை அடித்தது. "பெட்டியத் தூக்கிட்டு நீங்க நாலு மாடி எறங்கி ஏற வேணாம். சனிக்கிழமை மத்தியானம் நானே வந்து போட்டுத் தரேன்." ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருந்தது. தைபேயில் எந்தக் கடைக்காரன் ஆற்றைத் தாண்டி வந்து நாலு மாடி ஏறுவான்?

சொன்னபடி வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றி, மூக்கு வெளியே பார்க்க ஒழுங்காகத் திருப்பி வைத்தார். மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரின் தலையில் எப்போதும்போல் பச்சைப் பொட்டலம் உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊரில் அது இல்லாத மிஷின் கிடையாது. உள்ளே இருப்பது தேங்காய்ப்பால் வாசமடிக்கும் சோளப்பொரிதான். ஆனால் பொட்டலத்தின் பெயரே 'சமத்தா இரு' என்பதுதான். பச்சையைத்தான் வைக்க வேண்டும். மஞ்சளோ சிவப்போ வைத்தால் மிஷின் படுத்துவிடும். தேதி தாண்டக் கூடாது, பிரித்துத் தின்னக் கூடாது. என் ஆபீஸ் பிரின்டரின் மேலும் ஒன்று இருக்கிறது. போன வருஷம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அதைத் தின்றுவிட்டான், மூன்று நாள் பிரின்டர் ஓடவில்லை. நான் எதையும் நம்பாதவன்தான். ஆனால் அதை மட்டும் நம்புவேன்.

வெய் பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்து, தேதியைப் பார்த்து, கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் தோளை ஒட்டி உட்கார்ந்தேன்.

"லியாவ் சார், கொஞ்சம் வெளிச்சத்த விடுங்க."

ஓர் அங்குலம் நகர்ந்தேன். பழைய கார்டின் கொக்கியை விரலால் அமுக்கி வெளியே எடுத்தார். பழைய பவர் சப்ளையை எடுத்தார். உள்ளே இருந்த தூசியைத் தூரிகையால் தள்ளினார். புதியதை வைத்து, ஸ்க்ரூவைக் கடைசி அரைச்சுற்றுக்குத் திருப்புளியை விட்டுவிட்டு விரலாலேயே முறுக்கினார். குற்றம் கண்டுபிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் கை கழுவ எழுந்து போன நேரத்தில் அக்காவின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, கார்டின் மூலையில் ஒரு பொட்டு வைத்தேன். நாளைக்கு ஆள் கார்டை மாற்றினால் தெரிந்துவிடும்.

அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, கம்ப்யூட்டருக்குக் கல்யாணமா? பொட்டெல்லாம் வைக்கிற?"

"சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது."

கம்ப்யூட்டர் பறந்தது. அரை நாள் திணறிய படம் டீ ஆறுவதற்குள் முடிந்தது. வெய் போனதும் பொட்டலத்தை எடுத்து, ஐந்து வருஷமாக இருந்த அதே இடத்தில், பெட்டியின் தலையில் நானே வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, அக்கா பளிங்குக்கல் மேடை வைத்த ஒரு பெரிய சமையலறையைப் போட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே ஃபேன் எல்லாம் கூச்சல் போட்டு, கம்ப்யூட்டர் படக்கென்று அணைந்தது. திரும்பப் போட்டால் ஓடியது. பெரிய படம் ஒன்றைக் கொடுத்தால் மறுபடி அணைந்தது. "நான் சொல்லலை?" என்றேன். அக்கா வெய்க்கு ஃபோன் செய்தாள். அன்று சாயங்காலமே வந்துவிட்டார்.

பொட்டலத்தை எடுத்துக் கீபோர்டு பக்கத்தில் வைத்தார். தகட்டைத் திறந்தார். அதே படத்தை ஓட விட்டார். ஓடியது. இன்னொன்று, அதைவிடப் பெரியது. அதுவும் ஓடியது. வெய் நாற்காலியில் சாய்ந்து பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு கீபோர்டு பக்கம் பார்த்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா கொய்யாப்பழத்தை நறுக்கி, மேலே பிளம் பொடி தூவித் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். திறந்த வாய்க்குள் கொய்யா போயிற்று.

அவர் கிளம்புகிற நேரம் பார்த்துத் தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. அக்கா பைகளை எடுத்துக்கொண்டு ஓடினாள். வெய் ஒரு பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். சொந்தக் குப்பையைச் சுமக்கவே சலித்துக்கொள்ளும் ஊரில், அடுத்தவன் வீட்டுக் குப்பையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடுகிறான் ஒருவன். வண்டி போய்விட்டது. பாட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. இரண்டு பேரும் வெறும் கையோடு அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறைப்பானேன், எனக்குப் பயம்தான். வீடு எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, அக்கா வெகுளி, இந்த ஆள் எதையோ குறிவைத்து வருகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் அது மட்டும் இல்லை என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

அடுத்த வாரமும் கம்ப்யூட்டர் நின்றது. அதற்கு அடுத்த வாரமும் நின்றது. ஒவ்வொரு தடவையும் வெய் வருவார், திறப்பார், ஓட்டிக் காட்டுவார், காசு வேண்டாம் என்பார், கொய்யா தின்பார், குப்பை சுமப்பார். போய் இரண்டு நாளில் மறுபடி நிற்கும். என் பங்குக்கு நானும் சும்மா இருக்கவில்லை. சின்னப் பொட்டலத்துக்கு இந்தப் புதுக் கார்டை அடக்கப் பலம் போதவில்லை போலிருக்கிறது என்று, கடையில் இருந்ததிலேயே பெரிய பச்சைப் பொட்டலமாகப் பார்த்து, தேதி அடுத்த வருஷம் வரை இருக்கிறதா என்று சரிபார்த்து வாங்கி வந்து வைத்தேன். தலையணை அளவு இருந்தது. அப்புறம்தான் இன்னும் சீக்கிரமாக நிற்க ஆரம்பித்தது.

அதைப் பார்த்தபோது வெய் "ஓ, பெருசு வாங்கிட்டீங்களா" என்றார். அக்காவைப் பார்த்தார். அக்கா டீ கோப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். அவள் காதில் அம்மாவின் ஜேட் தோடு இருந்தது. புத்தாண்டுக்குக்கூட அவள் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள். அதுவரை வந்துவிட்டேன். ஆனால் எதை?

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் மார்க்கெட்டுக்குப் போனேன். வெய் கடையில் இல்லாத நேரமாகப் பார்த்து, பக்கத்துக் கேபிள் கடை அம்மாளிடம் வேண்டாத ஒரு கேபிளை வாங்கிக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து ரிப்பேர் பார்ப்பாரா என்று கேட்டேன்.

"வெய்யா? நல்லாக் கேட்டீங்க. அவர் எங்கயும் போக மாட்டார். பொண்டாட்டி தவறிப் போனதுலருந்து கடை விட்டா வீடு, வீடு விட்டா கடை. போதாக்குறைக்கு முழங்கால் வலி வேற. எஸ்கலேட்டர் ரிப்பேரானா அன்னைக்குக் கடையே தொறக்க மாட்டார்."

எனக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? முழங்கால் வலிக்காரன், எங்கேயும் போகாதவன், எங்கள் நாலு மாடியை மட்டும் வாரா வாரம் ஏறுகிறான். அவன் வந்துபோனால் மிஷின் நிற்கிறது. நின்றால் அவன் வருகிறான். வருவதற்காகவே எதையோ செய்துவிட்டுப் போகிறான். இதே கணக்கை நான் எத்தனை காரில் பார்த்திருக்கிறேன். பிரேக்கைச் சரிசெய்கிறேன் என்று ஒரு நட்டைத் தளர்த்திவிட்டுப் போனால் வண்டி தானாகத் திரும்பி வரும்.

அடுத்த தடவை வெய் வந்தபோது அவர் கைகளைவிட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. கொய்யாவைக் கடிக்கும்போதுகூடப் பார்த்தேன். என் சிவப்புப் பொட்டு கார்டில் அப்படியே இருந்தது. ஒரு நட்டுகூடத் தளரவில்லை. எதுவும் கிடைக்காதது என் ஆத்திரத்தை இன்னும் கிளறியது. அவர் கிளம்பியதும் பின்னாலேயே இறங்கி, மூன்றாவது மாடித் திருப்பத்தில் வழியை மறித்தேன்.

"மொதலாளி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மிஷின்ல என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். முழங்காலை லேசாக மடக்கி நீட்டினார்.

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல, லியாவ் சார்."

"அப்புறம் ஏன் நிக்குது?"

மேலே எங்கள் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"அது என் வாயால சொல்ற விஷயம் இல்ல."

"சொல்ல மாட்டீங்க. எப்படிச் சொல்வீங்க? எங்க அக்காவுக்குச் சூதுவாது தெரியாது. எனக்குத் தெரியும். பாதி வீடு அவ பேர்ல இருக்குன்னு விசாரிச்சுட்டுத்தானே வந்தீங்க? முழங்கால் வலியோட நாலு மாடி ஏறுறது கொய்யாப்பழம் திங்கவா? இனிமே இந்தப் படில காலை வெச்சீங்க, மார்க்கெட் பூரா உங்க பேர நாறடிச்சுருவேன்."

அவர் முகம் எப்படிப் போயிற்று என்று இந்தத் தடவை பார்த்தேன். சிவக்கவில்லை. வெளுத்தது. "சரிங்க," என்றார். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினார். "அக்காகிட்ட சொல்லிடுங்க. பழம் நல்லா இருந்துச்சு."

நான் சொல்லவில்லை.

அதற்கப்புறம் கம்ப்யூட்டர் நிற்கவே இல்லை. அடுத்த வாரம் நிற்கவில்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. அக்கா பெரிய பெரிய சமையலறைகளாகப் போட்டுத் தள்ளினாள். அது ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆள் வருவது நின்றது, மிஷின் நிற்பது நின்றது. கோர்ட்டுக்கே கொண்டுபோகலாம். ஒவ்வொரு நாளும் சாப்பிடும்போது இதை அக்காவிடம் சொன்னேன். அவள் தெருமுனைக் கடையில் வாங்கிய சாப்பாட்டு டப்பாக்களைப் பிரித்து எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று வைத்தாள். சமைத்து நாளாகியிருந்தது. பழக்கூடையும் காலியாகக் கிடந்தது. தோடு காதில் இல்லை.

"கடைக்காரங்க சங்கத்துக்கு ஒரு புகார் எழுதிப் போடப் போறேன்," என்றேன் ஒரு சாயங்காலம். "இந்த மாதிரி ஆளெல்லாம் தொழில் பண்ணவே கூடாது. நாளைக்கு வேற எந்த வீட்டுக்குப் போயி..."

அக்கா சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"எழுந்து வா."

"எங்க?"

"வாடா."

கம்ப்யூட்டர் மேசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். என் கையைப் பிடித்துப் பெட்டியின் தலைக்கு மேல் வைத்தாள். சூடான காற்று உள்ளங்கையில் முட்டியது. அங்கே வரிசையாகத் துளைகள் இருந்தன. ஐந்து வருஷமாக அந்தத் துளைகளை நான் பார்த்ததே இல்லை, ஏனென்றால் அவற்றின்மேல் எப்போதும் பொட்டலம் இருந்தது. இப்போது அது இல்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பொட்டலம் எங்க?"

அக்கா அலமாரியைத் திறந்து அந்தத் தலையணையை எடுத்துக் காட்டினாள். "பழைய கார்டு சூடாகாது, மேல எத வெச்சாலும் தாங்குச்சு. இது அப்படி இல்ல. பெரிய படம் போட்டா கொதிக்குது. வாய அடச்சா மூச்சு முட்டி நின்னுடுது. அவ்வளவுதான்டா விஷயம்."

காவலுக்கு வைத்ததே கழுத்தை நெரித்திருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அந்த வேலியைப் பார்த்துப் பார்த்துப் பெரிதாக்கியவன் நான்.

"எப்பலேருந்து உனக்குத் தெரியும்?"

"மொதல் தடவ அவர் ரிப்பேருக்கு வந்துட்டுப் போனப்பவே. பொட்டலத்த திரும்ப வெச்சு ஒரு படம் போட்டேன். நின்னுச்சு. எடுத்துப் பாத்தா அடியில கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு."

"அப்ப எடுத்து வெச்சிருக்க வேண்டியதுதானே. எதுக்கு மறுபடி மறுபடி..."

கேட்டு முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. அக்கா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேர நீ விசாரிச்ச. நல்லாத்தான் விசாரிச்ச, நான் தப்பு சொல்லல. இந்த ஒருத்தர மட்டும் நானே விசாரிக்கலாம்னு நெனச்சேன். எத்தன தடவ கூப்பிட்டா மூஞ்சச் சுளிப்பாரு, எத்தன தடவ மாடி ஏறுனா காசு கேப்பாரு, பக்கத்துலயே ஒருத்தன் உக்காந்து மொறச்சுக்கிட்டு இருந்தா என்ன பண்ணுவாரு. எல்லாத்தையும் பாத்துடலாம்னுதான்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். ஒரே வயிற்றில் பிறந்தும் என் அக்காவை நான் அறியவில்லை. சூதுவாது தெரியாதவளாம்.

"சரி, என்ன கண்டுபிடிச்ச?"

"அதுக்குள்ள நீ கேஸ மூடிட்டியேடா, ஆ-ஷான்."

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள். படிக்கட்டில் நான் கத்தியது நாலாவது மாடி வரை கேட்டிருக்கிறது. இத்தனை நாளும் அதைத் தெரிந்துகொண்டேதான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

"ஃபோன் பண்ணு," என்றேன். "மறுபடி நின்னுடுச்சுன்னு சொல்லு."

"பண்ண மாட்டேன். வீட்டு மேல கண்ணு வெச்சு வந்தவர்னு எங்க வீட்டு ஆள் சொன்னதுக்கப்புறம், நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கூப்பிடுவேன்?"

தெருவில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. அக்கா பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாக்களைப் பையில் திணித்துக்கொண்டு கீழே போனாள். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். இரண்டு கையிலும் பைகளோடு தனியாக வண்டிக்குப் பின்னால் ஓடினாள். கொடுத்துவிட்டு, வண்டி போனபின்னும், அன்று இருவரும் நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் ஃப்ரிட்ஜும்தான். என் பயம் அதுதான், முதலிலிருந்தே அதுதான். தேயிலை வியாபாரியின் கீறலைத் தேடியபோதும் அதுதான் என்னைத் தேடவைத்தது. அவர்கள் கெட்டவர்களாக இருந்தது என் அதிர்ஷ்டம். இந்தத் தடவை அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை.

பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்தேன். தேதியைப் பார்த்தேன், இன்னும் நாள் இருந்தது. பெட்டியின் தலையில், துளைகள் ஒன்றுகூட வெளியே தெரியாதபடி பரப்பி வைத்தேன். அக்காவின் பளிங்குச் சமையலறையைத் திறந்து ஓட விட்டேன். ஃபேன்கள் கூச்சல் போட்டன. படக்கென்று அணைந்தது. அப்புறம் ஃபோனை எடுத்தேன்.

"வெய் சார், நான் ஆ-ஷான் பேசறேன். லியாவ் சூ-யுன் தம்பி."

அந்தப் பக்கம் கடைகளின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அன்னைக்குப் படில நான் பேசுனது ரொம்பத் தப்பு. மன்னிச்சுக்கங்க. நான் அப்படித்தான், எதப் பாத்தாலும் தப்பாத்தான் தெரியும். அது வந்து... மிஷின் மறுபடி நின்னுடுச்சு."

ஃபோனை வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். படிக்கட்டில் அக்காவின் செருப்புச் சத்தம் மேலே வந்துகொண்டிருந்தது.

"லியாவ் சார்," என்றார் வெய். "பொட்டலம் எங்க இருக்கு?"

இவரும் முதல் ரிப்பேரிலிருந்தே தெரிந்துதான் ஏறியிருக்கிறார்.

"மேல. மிஷினுக்கு மேலதான்."

"எது, சின்னதா, பெருசா?"

"பெருசு."

"பெருசா," என்று யோசித்தார். "அப்ப ரிப்பேருக்கு நேரமாகும். ராத்திரி சாப்பாட்டுக்கும் சேத்து இருக்க வேண்டி வரும்னு அக்காகிட்ட சொல்லிடுங்க."

இந்தத் தடவை சொன்னேன்.